இடது பக்கக் கதவு

என் காரைப் பற்றி யாராவது கேட்டால் நான் லேசில் விடமாட்டேன். இப்போது குறைத்துக்கொண்டேன். வாங்கிய புதிதில் கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஏர்கான் பழுதுபார்க்க என் கடைக்கு வருகிறவர், வங்கியில் வரிசையில் பின்னால் நிற்கிறவர், கோவில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரர் என்று யாரும் தப்பவில்லை. அமெரிக்கக் கார்தான், ஆனால் உடம்பை வரைந்ததும் செய்ததும் இத்தாலிக்காரன். அங்கே செய்த உடம்பை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இன்ஜின் வைத்தார்கள். துணிக் கூரையைக் கையால் மடித்துப் பின்னால் ஒரு மூடிக்குள் வைத்துவிட்டால் திறந்த கார். இரண்டே இருக்கை, பால்வெள்ளைத் தோல். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் வைத்திருப்பேன். அதில் ஸ்டீரிங் இடது பக்கம். நம் நாட்டில் ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்காருவார். இந்தக் காரில் வலது பக்கம் உட்காருகிறவர் சும்மா கூட வருகிறவர். டோல் சாவடியில் அட்டையைத் தட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைத்தான் கெஞ்ச வேண்டும். என் மனைவி இரண்டு முறை வந்தாள். மூன்றாவது முறை, உங்கள் டோலுக்கு அட்டை தட்ட வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். புதிதாக ஏற வருகிறவர்கள் எல்லாரும் இடது கதவைத்தான் திறப்பார்கள். ஏறி உட்கார்ந்து, கண் முன்னால் ஸ்டீரிங்கைப் பார்த்ததும் திகைத்துப் போய்ச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்காகவே நான் முன்கூட்டி யாரிடமும் சொல்வதில்லை.

பினாங்கில் ஒரு பெரிய வீட்டின் கொட்டகையில் அது தூசி மூடிக் கிடந்தது. ஏர்கானைப் பார்க்கத்தான் என்னை அழைத்தார்கள். பார்த்துவிட்டு வந்தவனுக்கு ஒரு வாரம் வேலை ஓடவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கக் கூடாது. பிடித்துவிட்டது. வாங்கி, சுங்கை பட்டாணிக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் அடியில் படுத்தே கழித்தேன்.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் உட்கார்ந்தேன், கார்ப் பேச்சு வந்ததும் பழைய புத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அக்கா மெர்போக்கில் இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது எண்ணெய்ப் பனையான செம்பனைதான் நிற்கிறது. அக்கா மட்டும் பால்மரத்தை விடவில்லை. ஒரு மலாய்க்காரரின் சின்னத் தோப்பில் இன்றும் காலையில் மரம் சீவுகிறாள். பாலை மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்திலேயே உறைய விட்டு, கட்டிப்பாலாகச் சாக்கில் அள்ளி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் எடைக்குப் போடுவாள். கட்டிப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளாமலே இருக்கலாம்.

அக்கா தன்னை உருக்கி என்னை ஆளாக்கினாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. என் பங்கு மீனை எடுத்துத் தின்பாள். பள்ளிக்கூடச் சட்டையில் மை கொட்டிவிட்டு நான் கொட்டியதாக அம்மாவிடம் சொல்வாள். மங்கு கட்டும் கம்பியால் அடித்த தழும்பு ஒன்று என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும், என் வீட்டுக்குள் நுழைந்தால் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடிகளைத் திறந்து பார்ப்பாள். "என்னடா இது, ரசமா, கழனித் தண்ணியா?" என்பாள். என் மனைவி சமைத்ததற்கு வசவு எனக்கு. டேய், தடிமாடு, எருமை, இவை தவிர என்னை வேறு எப்படியும் அவள் கூப்பிட்டு எனக்கு நினைவில்லை.

காரின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினேன். அன்றே கூப்பிட்டாள். இத்தாலிக் கதையையும் அமெரிக்கக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்போ இத்தாலி பொறந்த வீடு, அமெரிக்கா புகுந்த வீடு, சீர் செஞ்சு விட்டது யாருடா என்று கேட்டாள். இவ்வளவு காலம் நான் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டாள். பிறகு குரல் மாறியது. அவள் மகளுக்கு அப்போதுதான் வரன் முடிவாகியிருந்தது. குலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண், ஒரே பிள்ளை.

"புள்ள கோயிலுக்கு ஒன் காருலதான் வரணும்டா. மாமன் ஓட்டிக்கிட்டு வரணும். நீ மாலை போட்டுக் கையப் புடிச்சு எறக்கணும். எனக்கு வேற ஆசையே இல்ல லா."

தாய்மாமன் என்றால் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லாத அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். மணவறைக்குப் பெண்ணை அழைத்து வருவது என் உரிமை, அதை எல்லார் முன்னாலும் வாங்கிக்கொள்வது அவளுடைய கௌரவம். சரி என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

காரை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவாடா என்று அதற்குப் பிறகு பலமுறை கேட்டாள். அவள் வீட்டுக்குப் போவது மண்பாதை, கல் தெறிக்கும், மழை பெய்திருக்கிறது, டயர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு சொன்னேன். பாதையில் கல் இருந்தது உண்மை. ஆனால் கல் மட்டும் காரணமில்லை. அந்த வெள்ளைத் தோலில் அவள் உட்காருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்றம் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடி மாதம் ஒருமுறை வரிசையாக ஓட்டிப் போவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் கிளம்பி, மெர்போக் வழியாக யான் என்ற ஊரின் வயல்களைச் சுற்றி, ஜித்ராவில் மதியச் சாப்பாடு என்று திட்டம். ஏழு கார்கள். எல்லாரும் வழக்கறிஞர், டாக்டர், கணக்காய்வாளர் என்று பெரிய படிப்புக்காரர்கள். ஏர்கான் கடைக்காரன் நான் ஒருவன்தான். அவர்கள் யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை, நான்தான் எனக்குள் எப்போதும் நுனிக்காலில் நின்றேன். அதில் அலோர்ஸ்டாரைச் சேர்ந்த ஒரு சீனர், ஓய்வு பெற்ற பல் டாக்டர், என்னோடு நன்றாகப் பழகுவார். என் காரின் மேல் அவருக்கு ஒரு கண். அவரிடம் ஒரு பழைய நீளமான கறுப்புக் கார் இருந்தது.

மெர்போக் முச்சந்தியில் இளநீர்க் கடை ஒன்று உண்டு. தாகம் என்று யாரோ நிறுத்த, எல்லாரும் நிறுத்தினோம். அக்கா சீவுகிற தோப்பு அங்கிருந்து கூப்பிடு தூரம். மணி பதினொன்று, கட்டிப்பால் அள்ளி முடிக்கிற நேரம். இளநீர் சீக்கிரம் குடியுங்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்? கூரை திறந்த காரைப் புளியமரத்து நிழலில் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் வந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்கு, காலில் ரப்பர் பூட்ஸ், மச்சானின் பழைய நீளக்கை சட்டை, தலையில் துண்டு. காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மோட்டார் சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நேரே வந்தாள். எல்லாரையும் போல இடது பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். எதிரே ஸ்டீரிங்கைப் பார்த்தாள். ஒரு நொடி திகைத்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தாள்.

"டேய், என்னையவே ஓட்டச் சொல்றியாடா?"

எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். எத்தனை பேரோடு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விரல்களில் பால் காய்ந்து கறுத்த தோலாக ஒட்டியிருந்தது. அதுதான் என் கண்ணில் பட்டது, அவள் சிரிப்பு படவில்லை.

"எந்திரி. எந்திரின்னு சொல்றேன்ல!"

கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. இறங்கினாள். நான் காற்சட்டைப் பின்பையிலிருந்து துணியை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டு நிற்க, ஸ்டீரிங்கைத் துடைத்தேன். பிறகு இருக்கையைத் துடைத்தேன். ஒரு முறை துடைத்துவிட்டு விட்டிருக்கலாம். மூன்று முறை துடைத்தேன்.

அப்போதுதான் பல் டாக்டர் இளநீரோடு வந்தார். யார் இவர் என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார். என் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் ஆங்கிலத்திலேயே சொன்னேன், பழைய தோட்டத்து வர்க்கர், எனக்குத் தெரிந்தவர் என்று. வாய் கூசாமல் சொன்னேன். அக்காவுக்கு ஆங்கிலம் வராது என்ற தைரியம். மடையன். வர்க்கர் என்ற சொல் தோட்டத்தில் பிறந்த யாருக்குத் தெரியாது? எங்கள் அப்பாவின் சம்பளச் சீட்டில், அம்மாவின் ஆஸ்பத்திரி அட்டையில், அவளுடைய பிறப்புப் பத்திரத்தில்கூட அந்தச் சொல்தான் இருந்தது.

டாக்டர் மரியாதையான மனிதர். அவளைப் பார்த்துத் தலையசைத்து, மக்சிக் என்று அத்தை முறை வைத்து, இங்கே வேலை செய்து ரொம்ப நாளாகிறதா என்று மலாயில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"லாமா சுடா, துவான்" என்றாள். ரொம்ப நாளாகிறது, ஐயா.

அதோடு விட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். இவர் நல்லவர், தோட்டத்து ஆட்களை மறக்கமாட்டார் என்று மலாயில் அவரிடம் என்னைப் புகழ்ந்தும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் வரேங்க. பாத்துப் போங்க."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த நிமிஷம் வந்தது வெட்கமில்லை, நிம்மதி. நல்லவேளை, அக்கா சமாளித்துவிட்டாள், அந்த வரேங்கவும் போங்கவும் டாக்டருக்காகப் போட்ட வேஷம் என்று நினைத்தேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்பது யான் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னிடம் தமிழில் வேஷம் போட வேண்டிய அவசியமே இல்லை. வயல் பச்சைப்பசேலென்று இருந்திருக்கும், மலையும் தெளிவாகத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஜித்ராவில் என்ன சாப்பிட்டேன் என்றும் நினைவில்லை.

அன்று சாயங்காலம் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.

என்னக்கா கிண்டலா என்று சிரித்துப் பார்த்தேன். இல்லைங்க, என்ன விஷயம் சொல்லுங்க என்றாள். கோபக் குரல் இல்லை. கோபக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், அதில்தானே வளர்ந்தேன். இது கடையில் சாமான் வாங்கும்போது பேசுகிற குரல். கல்யாணத்துக்கு வண்டி கொண்டுவருவதைப் பற்றி ஏதோ உளறினேன். உங்களுக்கு எப்படிச் சௌகரியமோ அப்படிச் செய்யுங்க என்றாள்.

இரண்டு நாளில் ஆறிவிடும் என்று விட்டேன். அக்காவின் கோபம் எப்போதும் அப்படித்தான், கத்திவிட்டு மறந்துவிடுவாள். ஒரு வாரம் போனது. மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன், சில பகுதிகளை விட்டுவிட்டு. விட்ட பகுதிகளை அவளே கேட்டு வாங்கினாள். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டாள். போய் அவங்க கால்ல விழுங்க, கார்ல போகாதீங்க, வேன்ல போங்க என்றாள்.

கடை வேனில் போனேன். மண்பாதையில் கல் தெறித்தது. அக்கா வாசலிலேயே இருந்தாள். "வாங்க, வாங்க" என்று எழுந்தாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டு, உட்காருங்க என்றாள். வேண்டுமென்றே துடைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அப்படித் துடைப்பாள். எனக்கு மட்டும் அதுவரை துடைத்ததில்லை. எனக்கு அவள் வீட்டில் நாற்காலியே கிடையாது, தரையில் கிடக்கிற துணிமூட்டையைக் காலால் தள்ளிவிட்டு, அங்க உக்காருடா என்பாள்.

மன்னிப்புக் கேட்கப் போனவன் என்ன பேசினேன் தெரியுமா? மழை வருமா என்று கேட்டேன். கோவில் கல்யாண மண்டபத்தில் ஏர்கான் நன்றாக ஓடுகிறதா, நான் வந்து பார்க்கவா என்று கேட்டேன். நாக்கு நுனி வரை வந்ததை மைலோவோடு சேர்த்து விழுங்கினேன். அவள் கண்ணாடி கிளாசில் மைலோ கொடுத்திருந்தாள், விருந்தாளிக்குக் கொடுக்கிற கிளாஸ். மச்சான் வந்து கொஞ்ச நேரம் பேசினார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. வழக்கம்போல என் முதுகில் தட்டினார்.

பத்திரிகை வைக்க அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், எனக்கு வேட்டி, மனைவிக்குச் சேலை. முறையில் ஒரு குறை சொல்ல முடியாது. அக்கா வெளிக் கேட்டில் மணியடித்துவிட்டு, நான் வந்து திறக்கும்வரை நின்றாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. அன்று என் மனைவி அவளுக்காகவே ரசம் வைத்திருந்தாள், வேண்டுமென்றே தண்ணீராக. அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு, நல்லா இருக்குங்க என்றாள். அவர்கள் போன பிறகு மனைவி அடுப்படியில் நின்று அழுதாள்.

இதற்கு நடுவில் இன்னொரு கேவலத்தையும் செய்தேன். பல் டாக்டர் பேச்சோடு பேச்சாக, உன் மருமகள் கல்யாணத்துக்கு என் காரையும் கொண்டுவருகிறேன், மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார். மருமகள் கல்யாணம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், யாருடைய மகள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து என் மூளை ஒரே கணக்கைத்தான் போட்டது. அக்கா அன்று பட்டுச்சேலையில் இருப்பாள். தலையில் பூ, கழுத்தில் நகை. அவருக்கு அடையாளம் தெரியாது. அப்படித் தெரியாமல் போக வேண்டும் என்று, சாமி கும்பிடும்போதுகூட வேண்டினேன்.

கல்யாணத்தன்று காலையில் காரை அந்த மண்பாதையில்தான் ஓட்டிப் போனேன். அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பட்டுச்சேலையில் உண்மையிலேயே வேறு ஆளாகத்தான் தெரிந்தாள், எனக்கே. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். முகப்பில் சந்தனம் வைக்க வந்தவள், விரலைத் தட்டிலேயே நிறுத்திக்கொண்டு, வைக்கலாங்களா என்று கேட்டாள். வை அக்கா என்றேன். சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள், துடைத்தால் போகிற அளவுக்கு.

மருமகள் வலது பக்கம் உட்கார்ந்தாள். கூரையைத் திறந்தே வைக்கச் சொன்னாள். மெதுவாப் போங்க மாமா, பூ பறந்துடும் லா என்றாள். மெர்போக் சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் எல்லாரும் அவள் பக்கம் எட்டிப் பார்த்தார்கள், கல்யாணப் பெண்ணே ஓட்டுகிறாள் என்று நினைத்து. அவள் கையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு என்னிடம், அம்மா ஏன் உங்கள நீங்க, வாங்கன்னு பேசுது என்று கேட்டாள். கல்யாணம் நெருங்கிவிட்டால் அப்படித்தான், மரியாதை கொடுப்பார்கள் என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

"அம்மாவுக்கு இந்தக் காருன்னா உயிரு மாமா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. என் தம்பி என்னைய டிரைவர் சீட்டுல உக்கார வச்சாருன்னு. ஸ்டீரிங்கப் புடிச்சுக்கன்னு சொன்னாருன்னு. அப்பாகிட்ட ரெண்டு நாளு பெருமை அடிச்சுச்சு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். உக்கார வச்சாரு, சொன்னாரு. வீட்டில்கூட, நான் இல்லாத இடத்தில்கூட, என்னை அவர் ஆக்கிவிட்டாள். நான் செய்ததை யாரிடமும் சொல்லாமல், செய்யாததைச் செய்ததாகச் சொல்லி, அவள் பிறந்த வீட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றியிருந்தாள். நான் அதே நேரத்தில், அவளை எப்படி ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோவிலில் இறங்கியதும் மாலை போட்டேன். கையைப் பிடித்து இறக்கினேன். மணவறைக்கு முன்னால் ஐயர், பெண்ணுக்குத் தாய்மாமன் யார், பெண்ணைப் பெற்றவங்க பக்கத்துல வந்து நில்லுங்க என்றார். டாக்டர் முதல் வரிசையில் இருந்தார். நான் போய் அக்காவின் பக்கத்தில் நின்றேன். அவள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். எங்கள் இருவர் நெற்றியிலும் ஐயர் ஒரே தட்டிலிருந்து குங்குமம் வைத்தார். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. டாக்டரைப் பார்க்கத் தைரியம் வராமல் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாப்பாட்டுக்குப் போகும்போது நானே அவரிடம் போனேன். அந்த அம்மாள் என் அக்கா, கூடப் பிறந்தவள், அன்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடையை நிறுத்தி, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். நாற்பது வருஷம் வாயைப் பார்த்தே பிழைத்தவன் நான். உன் அக்கா காரில் உட்கார்ந்து சிரித்ததை இளநீர்க் கடையிலிருந்து பார்த்தேன். மேல்வரிசையில் அந்த ஒரு பல் மற்றதன் மேல் ஏறியிருக்கிறதே, உனக்கும் அதே இடத்தில் அதே மாதிரி இருக்கிறது. உன் பொய்யை நம்பியவன் போலக் கேட்டால் அவருக்குச் சங்கடம் இருக்காது என்றுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன், அவரோ உன்னைக் காப்பாற்றிப் பேசினார், மன்னித்துக்கொள் என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அன்று என் பொய்யை நம்பியவர் ஒருவர்கூட இல்லை. ஒருவருக்கும் உதவாத ஒரு பொய்க்காக என் அக்காவைக் கொடுத்திருக்கிறேன்.

பந்தியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். இலையில் போட்டதை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தாள். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்த களை முகத்தில் இருந்தது. என் இலையைப் பார்த்ததும், பரிமாறுகிற ஆளிடமிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டு நின்றாள். அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தார்கள். இப்போது விட்டால் இனி எப்போதுமே முடியாது என்று தோன்றியது.

"அக்கா, நான் செஞ்சது தப்பு. மனுசன் செய்யிற காரியமில்ல. நீ என்னைய ரெண்டு அடி அடிச்சிரு. இந்த நீங்க வாங்கல்லாம் வேணாம்க்கா. டேய்னு கூப்புடு."

அவள் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பில்லை. வெறுப்பு இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வீட்டுல தனியா இருக்கிறப்ப சொல்லிப் பாத்தேன். வாயில வர மாட்டேங்குதுங்க."

சொல்லிவிட்டு, கரண்டியில் சோற்றை அள்ளி என் இலைக்கு மேலே பிடித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?"

"போடுக்கா" என்றேன்.